பாலிஷ் போட்ட துப்பாக்கி

"என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களேண்ணே!"

அவள் கத்திய கத்தலில் பாலிஷ் கடையே ஒரு நொடி நின்றது. கதவு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்த பாலிஷ்காரர் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி வந்தார்.

"என்னம்மா ஆச்சு? கண்ணாடி மாதிரி பண்ணிக் குடுத்தேனே?"

"கண்ணாடி மாதிரி இருந்தா நான் அதுல முகமா பாக்கப் போறேன்? சுட்டா எங்கயோ போகுது!"

மேசைமேல் கிடந்தது அவளுடைய போட்டித் துப்பாக்கி. ஞாயிற்றுக்கிழமை அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். இருப்பது ஒரே ஓர் இடம். அது அவளுக்குத்தான் என்று பயிற்சிக்கூடமே பேசிக்கொண்டிருந்தது, மரக்கட்டைக்குப் புதுப் பாலிஷ் போடும் வரை. அதற்குப் பிறகு குண்டுகள் கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்கள் மாதிரி இலக்கு அட்டையில் மூலைக்கொன்றாகப் போய் உட்கார ஆரம்பித்தன.

"நாலு பேர் பாக்கற இடம், பளிச்சுனு இருக்கட்டும்மா" என்று ஆசையைக் கிளப்பியது அப்பா. கடையில் கொடுத்து வாங்கி வந்ததும் அவரே. "புது வார்னிஷ், காய்ஞ்சா சரியாயிடும்" என்று அவர் சொன்னதை நம்பி மூன்று வாரம் பொறுத்தாள். வார்னிஷ் காய்ந்தது. அவளுடைய புள்ளிகளும் காய்ந்தன.

இப்போது முதலிடத்தில் நிற்பது, இதே ரகத் துப்பாக்கி வைத்திருக்கும் அவள் தங்கை. அக்காவான இவள் ஏற்கெனவே இரண்டு முறை அணியில் போய் வந்தவள். தங்கைக்கு இதுவரை வாய்த்ததில்லை. அவளுக்காவது கிடைக்கட்டும் என்று நினைக்கத்தான் பார்த்தாள். மனசு கேட்டால்தானே!

"திருகெல்லாம் அளவு பாத்து முடுக்கிட்டேன். குழலைத் துடைச்சு எடுத்துட்டேன். குறியையும் சரிபாத்தாச்சு" என்றாள் பாலிஷ்காரரிடம். "குழல் மரத்தைத் தொடவே கூடாதுண்ணே. தொட்டா ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பக்கம் போகும். நீங்க உள்பள்ளத்துல வார்னிஷைக் கொட்டியிருக்கீங்க."

"உள்ள நான் பிரஷ்ஷே வைக்கலம்மா. நீயே பாரு."

அவள் ஒரு துண்டுத் தாளைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே நுழைத்து இழுத்தாள். தாள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எங்கேயும் சிக்காமல் ஓடியது. பாலிஷ்காரர் பெருமூச்சு விட்டார்.

அவளுக்குத் திருப்தி இல்லை. பையிலிருந்து சாவியை எடுத்துத் திருகுகளைக் கழற்றினாள். மரத்திலிருந்து குழலைத் தூக்கி, கவிழ்த்துப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கற்றுக்கொண்ட புதிதில் திருப்புளி வழுக்கி, அவள் குழலின் அடியில் அரை நகம் அளவுக்கு ஒரு கீறல் விழுந்திருந்தது. மரத்துக்குள் மறைந்திருக்கும் கீறல். இந்தக் குழலின் அடி வழவழவென்று இருந்தது.

"அண்ணே, என் குழல் எங்க?"

"இதோ இருக்கே?"

"இது என்னுது இல்ல. மாத்திட்டீங்க!"

ஒரே தொழிற்சாலையில் செய்தாலும் குழலுக்குக் குழல் குணம் வேறு. ஐந்து குண்டையும் ஒரே ஓட்டைக்குள் அனுப்புகிற குழல் என்று அவளுடையதைப் பார்த்துப் பொறாமைப்படாத ஆள் பயிற்சிக்கூடத்தில் இல்லை. அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டதற்கு நல்ல கைமாறு!

பாலிஷ்காரர் பதறினார். "ஐயோ, என்கிட்ட வெறும் மரம் மட்டும்தாம்மா வந்துச்சு! குழலை நான் கண்ணால கூடப் பாக்கல. உங்கப்பாவையே கேட்டுப் பாரு."

"கேக்கத்தான் போறேன். அவர் வந்து நின்னா தெரியும் உங்க வண்டவாளம்!"

குழலைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அவளை அழைத்து வந்த அப்பா காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். சில்லறை குறைந்தாலே கடைக்காரரைச் சட்டையைப் பிடித்து உலுக்குகிற மனிதர், இன்று முதுகுவலி என்று இறங்கவே இல்லை.

"அப்பா, துரோகம்ப்பா! குழலையே மாத்தியிருக்கான். எவனுக்கு வித்தானோ! வாங்க, போலீஸ்ல எழுதிக் குடுக்கலாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள அது என் கைக்கு வந்தாகணும்."

அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "வேண்டாம்மா. பாவம், அவர் பேரை இழுக்காத."

"பாவமா? என் பிழைப்பையே திருடினவன் பாவமா?" அவளுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. "நீங்க எனக்கு அப்பாவா, அவனுக்கு அப்பாவா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், சாலையையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உன் தங்கச்சிக்கும் நான்தானேம்மா அப்பா."