கத்திரிப் பாத்தியில் அருகு

ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்தபடி அவள் பார்க்கிறாள். கத்திரிப் பாத்தியில் கணவர் அருகம்புல்லை மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருக்கிறார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். மண்வெட்டியையும் கியர் மாற்றுகிற வேகத்தில்தான் இழுக்கிறார். மாலை வெயிலில் வெள்ளை வேர்கள் துண்டு துண்டாகத் தெறித்து, புதிதாக நட்ட நாற்றுகளின் காலடியில் விழுகின்றன. நடமாடிய காலத்தில் அவள் ஒரு வேரைக்கூட வெட்டியதில்லை. ஈர மண்ணில் விரலை விட்டு, தலைமுடியில் சிக்கெடுப்பதுபோல முழுசாக உருவி எடுப்பாள். ஒரு கணு மிச்சமிருந்தாலும் அது தனிக்குடித்தனம் போய்விடும். இவரோ எதிரியை ஒழிப்பதாக நினைத்து அதற்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எப்படி நம்ம வேலை?" என்று வியர்வையைத் துடைத்தபடி ஜன்னலுக்கு வருகிறார். "வம்சத்தையே அறுத்தாச்சு. மழை வரட்டும், நீயே இறங்கி வந்து காய் பறிப்ப பாரு."

டாக்டர் மழைக்காலம் வரைக்கும் அவளுக்கு நாள் சொல்லவில்லை. கட்டியை அறுத்து எடுத்தும் மறுபடி பரவிவிட்டது என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். இவரும் பக்கத்தில் நின்று கேட்டவர்தான்.

"சுத்தமா இருக்குங்க," என்கிறாள் அவள்.

அவர் முகமெல்லாம் சிரிப்பாகக் குடத்தை எடுத்து, வெட்டிப்போட்ட துண்டுகள் ஒன்றுவிடாமல் நனைய, பாத்தி முழுக்கத் தண்ணீர் ஊற்றுகிறார்.