கிளெம்மின் காலடிகள்

நெரிஸின் ஆய்வில் இருந்தது ஒரே ஒரு ஆள், ஆஸ்திரேலியாவின் பல்லரட் நகரில் தனியாக வாழும் முதியவர் கிளெம். இரண்டு வாரம் அவரோடு தினமும் ஃபோனில் பேசுவாள்; அடுத்த இரண்டு வாரம் நிறுத்திவிடுவாள்; மறுபடியும் அதேபோல். பேச ஒரு ஆள் கிடைத்தால் அவர் வீட்டைவிட்டு வெளியே வருவாரா? முதல் நாள் நேரில் வந்து அவள் அவர் இடுப்பில் மாட்டிவிட்ட கருவி காலடிகளை எண்ணியது.

வரைபடத்தைப் பார்த்த பேராசிரியர் சிரித்துவிட்டார். "நீ பேசுற வாரத்துல மனுஷன் வாசலைத் தாண்டல. பேசாத வாரத்துல தினம் ஆறாயிரம் அடி. உன் பேச்சு அவ்வளவு அறுவையா?"

ஆய்வுதான் முடிந்துவிட்டதே என்று நெரிஸ் நேராகக் கிளெம் வீட்டுக்கே போனாள். சுவர் ஃபோனுக்கு அடியில் ஒரு நாற்காலி, அதன்மேல் போர்வை.

"நான் பேசின வாரமெல்லாம் ஏன் வெளிய போகல, கிளெம்?"

"எத்தனை மணிக்குக் கூப்பிடுவேன்னு நீ சொல்லவே இல்லையேம்மா. நான் இல்லாத நேரமாப் பாத்து ஃபோன் அடிச்சுட்டா?"

நேரத்தை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது ஆய்வுக்காக நெரிஸே எழுதிய விதி.

"சரி, பேசாத வாரத்துல எங்க போனீங்க?"

"உன் யுனிவர்சிட்டி வாசல் வரைக்கும். ஆய்வுக்காகத்தான் நிறுத்துறேன்னு சொல்லியிருந்த, தெரியும். இருந்தாலும், நீ நல்லா இருக்கியான்னு தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துடுவேன்."