பாஷாணத்தில் பிழைத்தவர்

“ஏனுங்க தம்பி, கொஞ்சம் எந்திரிங்க. சீக்காளி நிக்கிறாரு பாருங்க,” என்று ஜன்னலோரம் இருந்தவனை எழுப்பினாள் தெரசம்மாள்.

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ். நின்றிருந்த ஆளுக்கு முப்பது வயதிருக்கும். மொட்டைத் தலை, குழி விழுந்த கன்னம், கையில் ஆஸ்பத்திரி ஃபைல். பக்கத்தில் அவன் மனைவி. தலை நிறைய மல்லிகை, கையில் வேர்க்கடலைப் பொட்டலம்.

“அவ உக்காரட்டுங்க,” என்றான்.

“அவளுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கா. நீ உக்காரு சாமி.”

அவனை உட்கார வைத்துவிட்டு, நடுவில் ஒடுங்கி உட்கார்ந்த மனைவியிடம் கேட்டாள்.

“என்ன கண்ணு நோவு?”

“ரத்தப் புத்துங்க. புரோமைலோசைட்டுன்னு ஒரு வகை. ஈறுல வர்ற ரத்தம் நிக்கவே இல்ல. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா ஆள் போயிருக்கும்னாரு டாக்டர்.”

“என்ன மருந்து குடுத்தாங்க?”

“விட்டமின் வகையில ஒரு மாத்திரை. அப்புறம் பாஷாணம்.”

“சேசுவே! எலிக்கு வெக்கிறதா?”

“அந்த இனந்தானுங்க. அளவா நரம்புல ஏத்துவாங்க. கெட்ட அணு சாவும், ஆள் பொழைச்சுக்கும். இன்னிக்குக் கடைசி டெஸ்ட்டோட ரிசல்ட்டு. போன்ல சொல்றேன்னாங்க. நோவு மிச்சமில்லைன்னா இனி ஊசி கிடையாது.”

சொல்லிவிட்டுக் கடலையைக் கொறித்தாள். தெரசம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஊட்டுக்காரரு இந்த லட்சணத்துல இருக்காரு. பூ வெக்க மனசு வருதா உனக்கு?”

“முடி இருக்குதுங்களே, வெச்சுக்கறேன்.” சிரித்தாள்.

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டாள் தெரசம்மாள். வளைவில் பஸ் சாய்ந்தபோது அவன் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடினான். தெரசம்மாள் தன் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து அவன் கையில் திணித்தாள்.

“மோந்துக்க சாமி.”

அடிவாரம் நெருங்கியதும் போன் அடித்தது. அவன்தான் எடுத்தான். “சரிங்க... சரிங்க டாக்டர்...” வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதான்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். “என்னங்க? சொல்லித் தொலைங்க.”

“ஒண்ணுமில்லையாம். சுத்தமாப் போயிருச்சாம்.”

தெரசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு எட்டி அவன் தலையைத் தடவினாள். “பொழைச்சுக்கிட்டே சாமி. நல்லாத் தின்னு. முடியெல்லாம் தானா வளரும்.”

அவன் மூக்கை உறிஞ்சினான்.

“எனக்கென்னங்க கேடு? நான் பழனிக்கு நேந்துக்கிட்டு மொட்டை போட்டவன். பாஷாணம் ஏத்துனது இவளுக்குங்க.”