கடைசி வீடு

ரேஷன் அரிசிக்கு ஊரே அலைந்த வருஷம் அது. ஆவூரில் பிச்சையெடுத்துப் பிழைத்த அடைக்கலமேரி, எல்லா வீட்டுக்கும் போய்விட்டுக் கடைசியாக ஞானசெல்வியின் வாசலுக்கு வந்து நிற்பாள். ஒருநாளும் தவறியதில்லை.

அன்றைக்கு எதிர்வீட்டு மரிய அந்தோணி அவளை நிறுத்தினார்.

"இப்பத்தானே எங்க வீட்டுல கருவாட்டுக் கொழம்பு ஊத்திச் சோறு போட்டோம்?"

"ஆமாங்க."

"சட்டியும் நெறஞ்சிருக்கு. அப்புறம் எதுக்கு இங்கிட்டு வர்றே? புருசன் பினாங்கு போனவன் திரும்பல. மூணு புள்ளைகளை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு தடுமாறுது. அதுகிட்டயும் போயிக் கையேந்துறியே, ஒனக்கே நல்லாருக்கா?"

"வழக்கமா போற வீடுங்க" என்று சொல்லிவிட்டு அடைக்கலமேரி படியேறினாள். பாவ புண்ணியம் தெரியாத ஜென்மம் என்று அவர் முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது.

அவள் உள்ளே நுழைந்ததும் ஞானசெல்வி கதவைச் சாத்தினாள். பிள்ளைகள் மூவரும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடைக்கலமேரி சட்டியிலிருந்த சோற்றை மூன்று தட்டிலும் பங்கிட்டுப் போட்டாள். கருவாட்டுத் துண்டைச் சின்னவனுக்கு வைத்தாள்.

"ஒனக்கு வேணாமாக்கா?" என்று ஞானசெல்வி தலை நிமிராமல் கேட்டாள்.

"நான் எங்கிட்டாவது கேட்டு வாங்கிக்குவேன் ஆத்தா. ஒங்களுக்குத்தான் கேக்கத் தெரியாதே."