மூடி இடுக்கில் ஒரு விரல்

கறி சுடும் கரியடுப்பின் கீல் தளர்ந்த பீங்கான் மூடியை அவன் இரு கைகளாலும் தூக்கிப் பிடித்து நிற்கிறான். காலை வெயிலில், காற்றுப் புகாமலிருக்க விளிம்பில் ஒட்டியிருந்த, இப்போது கருகிய கம்பளிப் பட்டையை அவள் கத்தியால் சுரண்டுகிறாள். பட்டையின் இரு முனைகளும் சேரவேண்டிய இடத்தில் ஒரு விரல் நுழையுமளவு இடைவெளி. நேற்று அதன் வழியே காற்றுப் புகுந்துதான் கரி கனன்று கறி தீய்ந்திருக்கிறது. “இவளுக்கு ஒழுங்கா மூடக்கூடத் தெரியாது” என்று அவன் சொல்ல, விருந்துக்கு வந்த அவனுடைய நண்பர்கள் சிரித்த சிரிப்பு அவள் காதைவிட்டு இன்னும் போகவில்லை. அவனும் இடைவெளியைப் பார்க்கிறான். “ஒட்டும்போது நான்தான் இழுத்து ஒட்டிட்டேன் போல. சூட்டுல சுருங்கிடுச்சு.” அவள் புதுப் பட்டையைச் சற்றும் இழுக்காமல் பெருவிரலால் அழுத்திக்கொண்டே போகிறாள். “எங்கிட்ட சொல்லி என்ன? சிரிச்சவங்ககிட்ட சொல்லுங்க.” “சொல்றேன் தாயே, சீக்கிரம் ஒட்டு, கை விட்டுப்போகுது.” அவள் கரிக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, நேற்று உரக்கச் சிரித்தவரின் எண்ணை அழுத்தி அவன் காதோரம் பிடிக்கிறாள். மணி அடிக்கிறது. மூடி இன்னும் அவன் கைகளில்தான் இருக்கிறது.