பதினேழு வளைவுகள்

"அக்கா, பிள்ளை ஜன்னல் ஓரமா உக்காரணும்னு ஆசைப்படுது. கொஞ்சம் மாறி உக்காந்துக்கிறீகளா?"

பவானி சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"இல்ல தாயி. இது நான் சொல்லிவச்சு வாங்குன சீட்டு" என்றாள் மலையம்மாள். சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தேனியில் இருந்து கிளம்பிய ஒரு நாள் சுற்றுலா வேன் அது. காலையில் போடியில் பழைய ஜமீன் அரண்மனை. அப்புறம் போடிமெட்டு மலைப்பாதை. மூணாறு தாண்டி இரவிகுளம் தேசியப் பூங்கா, அங்கே வரையாடு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு.

அரண்மனையைப் பார்க்க எல்லாரும் இறங்கினார்கள். மலையம்மாள் மட்டும் இறங்கவில்லை. இறங்கினால் இடம் போய்விடுமாம். நாற்பத்தைந்து வயசுப் பொம்பளைக்கு இப்படி ஒரு அடம்.

பவானியின் மகள், ஆறு வயது அனுஷ்கா, உதட்டைப் பிதுக்கினாள். பிறகு சத்தமாகவே அழ ஆரம்பித்தாள்.

"பச்சப் பிள்ளைக்கு விட்டுக் குடுத்தா கொறஞ்சா போயிருவாக?" என்றார் பின் சீட்டுக்காரர் ஒருவர், யாரையும் பார்க்காமல்.

பவானியின் கணவர் ஈஸ்வரபாண்டி போனை எடுத்துக்கொண்டார். மனைவிக்குக் கோபம் வரும் நேரமாகப் பார்த்துத்தான் அவருக்கு அவசர மெசேஜ் எல்லாம் வரும்.

கைடு மதன்குமார் மைக்கைத் தட்டினான். "சார், மேடம், மலை ஏறுறோம். மொத்தம் பதினேழு கொண்டை ஊசி வளைவு. இது முதல் வளைவு."

வேன் திரும்பியது. கீழே போடி ஊர், இலவம்பஞ்சைப் பிரித்துப் போட்டதுபோல் பனிக்குள் கிடந்தது. அங்கங்கே தென்னந்தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன. ஊரெல்லாம் இன்னும் கனவு கண்டுகொண்டிருப்பதுபோல் ஒரு அமைதி.

மலையம்மாள்தான் அதைக் கலைத்தாள்.

"தம்பி, அந்தா வெள்ளையாப் பளபளன்னு தெரியுதே, அது என்ன?"

"கண்மாய்ங்கம்மா."

"எந்த ஊருக் கண்மாய்?"

அவன் சொன்னான். அவள் கண்ணை மூடி, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டாள். அடுத்த வளைவில் மறுபடியும், "தம்பி, அந்தப் பாறைக்குப் பேரு இருக்கா?" அதற்கடுத்து, "அந்தா தூரத்துல கோடு மாதிரித் தெரியுதே, அது?"

"வைகை அணைங்கம்மா. மேகம் இல்லாட்டி இன்னும் நல்லாத் தெரியும்."

"கைடைத் தனக்குன்னே வாங்கிட்டாக போல" என்றாள் பவானி, கேட்கட்டும் என்றே. பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

எட்டாவது வளைவுக்கு மேலே அனுஷ்காவுக்குக் குமட்டியது. பவானி பையைத் தேடுவதற்குள் மலையம்மாள் எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துக் கீறி, பிள்ளையின் மூக்கில் வைத்தாள். ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டாள். நெஞ்சைத் தடவிவிட்டாள்.

"எம் மடியில வந்து உக்காரு கண்ணு. காத்து வரும்."

"மடியெல்லாம் வேணாம். இவ்வளவு பாசம் இருக்குறவுக எந்திரிக்க வேண்டியதுதான?" என்றாள் பவானி.

மலையம்மாள் திடுக்கிட்டு வெளியே பார்த்தாள். "தம்பி, ஒம்பதாவது வளைவு போயிருச்சா?"

"போயிருச்சும்மா. இது பத்து."

"ஐயோ, அதுல என்ன தெரிஞ்சுச்சு?" குரல் உடைந்தே போனது. பிள்ளை வாந்தி எடுக்கப் பார்த்தபோதுகூட அவள் இவ்வளவு பதறவில்லை.

பவானிக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. ஒரு வளைவு போனால் குடியா முழுகிப் போகும்? இப்படியும் மனுஷி இருப்பாளா என்று நினைத்துக்கொண்டு பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். மதன்குமார் மட்டும் மைக்கை வைத்துவிட்டு, மலையம்மாள் அருகில் வந்து ஒன்பதாவது வளைவைப் பொறுமையாக விளக்கினான்.

பதினேழும் முடிந்து போடிமெட்டு வந்தது. டீக்கு வேன் நின்றது.

மலையம்மாள் தானாகவே எழுந்தாள்.

"இனிமே பிள்ளைய இங்கன உக்கார வையி தாயி. எனக்குப் போதும்."

"பாக்க வேண்டியதையெல்லாம் பாத்தாச்சாக்கும்" என்றாள் பவானி.

"ஆமா. இனிமே இருக்கது நான் வேலை பாக்குற ஏலக்காடுதான். அதத்தான் தெனமும் பாக்குறனே."

"வேலையா? அப்ப இந்த ரோட்டுலதான் நீங்க தெனமும் வாரீகளா?"

"பத்தொம்பது வருசமா."

பவானிக்குப் பொறுக்கவில்லை. "தெனமும் வார ரோட்டுக்கா எம் பிள்ளைய இப்படி அழவச்சீக?"

மலையம்மாள் அனுஷ்காவின் தலையைத் தடவினாள். தப்புச் செய்தவள் மாதிரி மெதுவாகத்தான் பேசினாள்.

"ஒரு ஜீப்புக்குப் பதினாறு பேரு தாயி. ஒருத்தி மடியில ஒருத்தி. விடியுமுன்ன ஏறுவோம், பனிக்குத் தார்ப்பாய எறக்கி விட்டுருவாக. திரும்பி வர இருட்டிரும். முன்னால இருக்கவ முதுகத் தவிர ஒருத்தியும் ஒண்ணும் கண்டதில்ல. அதான் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஒருத்தியவாச்சும் இந்த வேனுல ஜன்னல் ஓரமா அனுப்புவோம்னு பேரு எழுதிக் குலுக்குனோம். எம் பேரு விழுந்துச்சு."

ஈஸ்வரபாண்டி போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"எனக்கு மட்டும்னா நீ கேட்டப்பவே எந்திரிச்சிருப்பேன் தாயி. நாளைக்கு இருட்டுக்குள்ள ஜீப்பு ஏறயில, மத்த பதினஞ்சு பேருக்கும் எந்த வளைவுல என்ன தெரியும்னு நான்தான சொல்லணும்."