மேட்டில் சொன்னது

வருடம் எனக்குச் சரியாக நினைவில்லை, முன்பின்னாகவும் சொல்லலாம். தையல்காரி ஒருத்திக்கு வெகுநாளாய் மூட்டுவாதம். மாத்திரை போதாது, மனநல ஆலோசகரிடமும் பேசு என்றார் டாக்டர். அந்தப் பக்கத்தில் அப்படி யாருமில்லை. தேடிக் கிடைத்த ஒரு அம்மாவும் போனில்தான் பேசுவார். சிக்னல் தண்ணீர்த்தொட்டி மேட்டில்தான். அவளால் ஏற முடியாததால் கணவன் ஏறினான்.

"'என் பொண்டாட்டிக்கு'ன்னு சொன்னா அந்தம்மா கேக்கல. நீ சொல்றத அப்படியே, 'எனக்கு'ன்னு சொல்லணுமாம்" என்றான் இறங்கி வந்து.

"சொல்லிட்டு வாங்களேன். வாயா வலிக்கப் போகுது?"

மறுபடி ஏறி, அப்படியே சொல்லிவிட்டு வந்தான். மறுநாள் காலை அவள் விரல்கள் வலியில்லாமல் மடங்கின. அவனோ தன் வீங்கிய கைகளை நீட்டினான்.

"பொத்தான் போட்டு விடு."

போட்டுவிட்டாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"இந்த வாரம் நீ போ. உனக்காக நான் சொன்ன மாதிரியே, எனக்காக நீ 'எனக்கு'ன்னு சொல்லு" என்றான்.

மூச்சு வாங்காமல் மேடேறினாள்.

"சொல்லுங்க, உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றார் ஆலோசகர்.

அவள் தன் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

அவள் இன்றும் தைக்கிறாள். அவனுக்கு வேளாவேளைக்கு ஊட்டிவிடுகிறாள். ஆலோசகர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.